பவர் ஸ்டீயரிங் ஓஸ் ஒழுகுகிறதா? பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருப்பது 2003 மாடல் டீசல் வண்டி. போன வருடம் சித்திரையில் ஒரு நாள் ராத்திரி தெருவில் இடமில்லாமல், வாசல் கோலத்தின் மேலேயே மூக்கை நீட்டி நிறுத்திவிட்டேன். காலையில் வண்டியை எடுத்துத் தள்ளி நிறுத்தியதும், வாசல் தெளிக்க வந்த அம்மா, "ஏண்டா, கோலத்துல யாருடா காவி வச்சது?" என்று குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தால் புள்ளிக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் செக்கச் செவேலென்று ஒரு கறை. தொட்டால் வழவழவென்றிருந்தது.

அது பவர் ஸ்டீயரிங் ஆயில். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப உதவும் அந்த ஆயில் ஓடும் ரப்பர் குழாயைத்தான் ஓஸ் என்கிறோம், அதில்தான் ஒழுக்கு. அந்த ஒழுக்கை நிறுத்துவதற்குள் மூன்று கடை ஏறினேன், இரண்டு மெக்கானிக்கைப் பார்த்தேன், ஒரு தவறான ஓஸையும் வாங்கினேன். அதிலிருந்து தெருவில் யார் வண்டியில் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகினாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. அவர்கள் கேட்டதையும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், என் மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கீழே சொட்டியிருப்பது ஸ்டீயரிங் ஆயில்தான் என்று எப்படித் தெரியும்?

ராத்திரி வண்டியின் மூக்குக்கு அடியில் பழைய தினத்தாளை விரித்துப் போடுங்கள். நான்கு மூலையிலும் கல் வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் தாள் பக்கத்து வீட்டில் கிடக்கும். விடிந்ததும் நிறத்தைப் பாருங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ, தண்ணீர் போல ஓடி லேசாகத் தித்திப்பு வாசம் அடித்தால் கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் தண்ணீர். கறுப்பாகக் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில். சிவப்பாக, விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்டீயரிங் ஆயில். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் கியர் ஆயிலும் இதே சிவப்புதான், ஆகவே சொட்டிய இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. பல வருடம் மாற்றாத ஸ்டீயரிங் ஆயில் சிவப்பு போய்க் காப்பி நிறத்துக்கு வந்திருக்கும். அப்போது எஞ்சின் ஆயில் என்று ஏமாந்துவிடுவோம். பானெட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் மட்டம் பாருங்கள். பழைய அளவை விட இறங்கியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

எல்லா வண்டியிலும் இந்த ஓஸ் இருக்குமா?

இல்லை. ஸ்விஃப்ட், ஐ10 போன்றவற்றில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின் மோட்டார். அதில் ஆயிலும் கிடையாது, ஓஸும் கிடையாது. பழைய குவாலிஸ், சுமோ, பொலிரோ, ஸ்கார்ப்பியோ, முதல் தலைமுறை இன்னோவா, ஆக்சென்ட், பவர் ஸ்டீயரிங் வந்த இண்டிகா ஆகியவை ஆயில் வகை. பானெட்டுக்குள் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோடு ஒரு சின்ன டப்பா இருந்தால் உங்களுடையதும் அந்த வகைதான்.

எத்தனை ஓஸ் இருக்கிறது? எது எதற்கு?

பொதுவாக மூன்று. இதைப் புரிந்துகொண்டால்தான் மற்ற எல்லாம் புரியும்.

டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயில் இறங்கும் ஓஸ் ஒன்று. இதில் அழுத்தமே இல்லை, பம்ப் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். டப்பா பம்பின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் இந்த ஓஸ் இருக்காது. அடுத்தது பம்பிலிருந்து ஸ்டீயரிங் ரேக்குக்கு, அதாவது முன் சக்கரங்களைத் திருப்பும் அமைப்புக்கு, போகும் பிரஷர் ஓஸ். எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் பம்ப் தன் பலத்தையெல்லாம் இதற்குள்தான் தள்ளுகிறது. மூன்றாவது, ரேக்கில் வேலை முடித்த ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஓஸ். இதில் அழுத்தம் மிகக் குறைவு.

பிரஷர் ஓஸில் எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால் பயந்துவிடுவீர்கள். நேர் ரோட்டில் போகும்போது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது, அதாவது கடைசி வரை திருப்பும்போது, 70, 80 பார் வரை ஏறும், சில வண்டிகளில் அதற்கும் மேல். நம் கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். டயரை விட முப்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை விரல் தடிமன் ரப்பர் தாங்குகிறது, அதுவும் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று. இருபது வருடம் தாங்கியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

எங்கே ஒழுகுகிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இதை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். நான் செய்த முட்டாள்தனம் இதுதான்: அடியில் எட்டிப் பார்த்த முதல் மெக்கானிக் "ரேக் போச்சு சார்" என்றார். ரேக்குக்கு விலை விசாரிக்கக் கடைக்குப் போய்விட்டேன். உண்மையில் ஆயில் வந்தது மேலே பிரஷர் ஓஸின் நுனியிலிருந்து. அங்கே கசிந்து, இரும்புக் குழாய் வழியாக இறங்கி, ரேக் மேல் ஓடி, கடைசியில் ரேக்கின் அடியிலிருந்து சொட்டியிருக்கிறது. கூரையில் ஓட்டை ஓரிடம், சுவரில் நனைவது வேறிடம் இல்லையா, அதே கதைதான். சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள், நனைந்திருப்பதிலேயே மிக உயரமான இடத்தைத் தேடுங்கள்.

அதற்கு முதலில் சுத்தம் வேண்டும். இருபது வருடப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து அப்பியிருக்கும்போது எது பழைய ஒழுக்கு, எது புது ஒழுக்கு என்று கடவுளுக்கே தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு பம்ப், ஓஸ்கள், ரேக் எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீசர் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். மின் இணைப்புகள், ஆல்டர்னேட்டர் மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். காய்ந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டு, ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக ஒடிக்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

என் வண்டியில் அப்போதுதான் தெரிந்தது. ரப்பர் ஓஸும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் ஒரு இரும்பு வளையத்தைப் போட்டு நசுக்கியிருப்பார்கள், அதைக் கிரிம்ப் என்கிறார்கள். ஸ்டீயரிங் கோடிக்குப் போகும்போதெல்லாம் அந்த வளையத்தின் உதட்டில் ஊசி முனை அளவுக்கு ஒரு சிவப்பு மணி பூக்கும். ஸ்டீயரிங் நடுவுக்கு வந்தால் மணி நின்றுவிடும். மறுபடி ஒடித்தால் அடுத்த மணி. பத்து முறை பார்த்த பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது. பழைய வண்டிகளில் பிரஷர் ஓஸ் பெரும்பாலும் இந்தக் கிரிம்பில்தான் கைவிடும், ரப்பரின் நடுவில் அவ்வளவாக இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பிரஷர் ஓஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னக் கொசுக்கடி மாதிரி இருக்கும், உள்ளே சதை கெட்டுப்போகும். அப்படி நடந்தால் வலியில்லை என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சந்தேகமான இடத்தில் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் அதில் தெரியும். பெல்ட், ஃபேன் பக்கம் துண்டு, வேட்டி, தொளதொளச் சட்டை எதுவும் தொங்கக் கூடாது.

சொட்டே இல்லை, ஆனால் ஸ்டீயரிங் ஒடித்தால் முனகல் சத்தம் வருகிறது. ஏன்?

டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்து, ரோஸ் மில்க் மாதிரி தெரிந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது. டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஓஸ் உறிஞ்சும் பக்கம் என்றேன் அல்லவா? அதன் கிளிப் தளர்ந்திருந்தாலோ, நுனி வெடித்திருந்தாலோ ஆயில் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். பலரும் இந்தச் சத்தத்துக்கு பம்பையே மாற்றிவிடுகிறார்கள். இருக்கும் ஓஸ்களிலேயே விலை குறைந்தது இது, முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஒழுகும் வண்டியை ஓட்டலாமா?

எவ்வளவு ஒழுகுகிறது, எதன் மேல் ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது.

ரிட்டர்ன் ஓஸில் லேசான ஈரம், வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலும் டப்பாவில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலேயே நிற்கிறது என்றால், மட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் ஓட்டி, கிடைக்கும் முதல் நாளில் சரிசெய்யலாம். ஆனால் பிரஷர் ஓஸில் பீய்ச்சல் இருந்தாலோ, எஞ்சின் புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டு குழாய் மேல் சொட்டு விழுந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். ஓடி வந்த மேனிஃபோல்டு சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதன் மேல் ஆயில் பட்டால் முதலில் புகையும் தீய்ந்த நாற்றமும் வரும். மெல்லிய தூவலாகப் பட்டால் தீயே பிடிக்கலாம். "கொஞ்சம் புகை வாடைதானே" என்று அடுத்த ஊர் வரை ஓட்டுவது வேண்டாம்.

ஆயில் முழுக்கப் போய்விட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளுமா என்று பயந்து கேட்கிறார்கள். பூட்டாது. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. ஆனால் கல் மாதிரி கனக்கும். பவர் ஸ்டீயரிங்கே இல்லாத அந்தக் காலத்து வண்டியை விடவும் கனக்கும், காரணம் அவற்றில் ஸ்டீயரிங்கை அதிகச் சுற்று சுற்றவேண்டிய மாதிரி பல் அமைத்திருந்தார்கள். நான்குவழிச் சாலையில் நேராகப் போகும்போது தெரியாது. ஆண்டிபட்டி கணவாயிலோ, வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போதோ வளைவுகளில் தெரியும். அதை விட மோசமானது பாதி ஆயில். ஒரு வளைவில் லேசாகத் திரும்பும், அடுத்த வளைவில் திடீரென்று கனக்கும். கைக்கு எது வரும் என்றே தெரியாது. மலைப் பயணம் இருந்தால் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஆயில் விலை குறைவுதானே, ஊற்றி ஊற்றி ஓட்டினால் என்ன?

நானும் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். முழு அமைப்புக்குள்ளும் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் ஆயில். பம்புக்குள் உராய்வைத் தடுப்பதும் இதே ஆயில்தான். மட்டம் இறங்கி ஒருமுறை பம்ப் வறண்டு ஓடினால் உள்ளே கீறிவிடும், அந்த இரும்புத் தூள் ரேக்குக்குள்ளும் போகும். ஓஸ் செலவோடு போவது பம்ப், ரேக் என்று மூன்று செலவாகிவிடும். கடைசியில் டிக்கியில் எப்போதும் ஒரு ஆயில் பாட்டில் உருண்டுகொண்டிருப்பதைப் பார்த்த என் தம்பி, "இது டீசல் வண்டியா, ஸ்டீயரிங் ஆயில்ல ஓடுற வண்டியா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் ரோஷம் வந்தது.

என்ன ஆயில் ஊற்ற வேண்டும்?

டப்பா மூடியில் எழுதியிருப்பதை. இல்லாவிட்டால் வண்டிப் புத்தகத்தில் இருப்பதை. நம் ஊர்ப் பழைய வண்டிகள் பலவற்றுக்கும் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது அந்தச் சிவப்பு ஆயில். ஹோண்டா தனக்கென்று தனி ஆயில் கேட்கும். சில ஜெர்மன் வண்டிகளுக்குப் பச்சை நிறத்தில் வேறு ஆயில். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு மூடியைக் காட்டுங்கள்.

பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவே கூடாது. இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் அவசரத்தில் மாற்றி ஊற்றுவது நடக்கிறது. பிரேக் ஆயில் வேறு சாதி. ஸ்டீயரிங்கில் ஆயில் கசியாமல் அடைத்திருக்கும் ரப்பர் சீல்களை அது கெடுத்துவிடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டப்பாவில் இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டீயரிங் ஆயிலை பிரேக் டப்பாவில் ஊற்றுவது இன்னும் ஆபத்து. அப்படி நடந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

எம்-சீல், சைக்கிள் டியூப், கம்பிக்கட்டு போட்டு ஒழுக்கை அடைக்கலாமா?

பிரஷர் ஓஸுக்கு இதில் எதுவும் ஆகாது. மேலே சொன்ன அழுத்தத்தை இன்னொரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, நடுவில் ஒரு குழாயைச் செருகி இரண்டு பக்கமும் கிளிப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் முதல் முறை முழுக்க ஒடிக்கும்போது பிடுங்கிக்கொண்டு போகும், அதுவும் சூடான எஞ்சின் மேல்.

ரிட்டர்ன் ஓஸ் நடுவழியில் வெடித்தால், வீடு வந்து சேர்வதற்கு மட்டும் இந்த மாதிரி இணைப்பு தாங்கும். அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ரிட்டர்ன் ஓஸை நானே மாற்றலாமா?

ஸ்குரூ டிரைவர், பிளையர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாற்றுவதற்கு முன் பாருங்கள்: பல சமயம் ஓஸின் நுனி ஒரு அங்குலம் மட்டும் விறைத்து வெடித்திருக்கும், மீதி நன்றாக இருக்கும். நீளம் தாராளமாக இருந்தால் நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டாலே தற்காலிகமாகப் போதும். ஆனால் இருபது வயது ரப்பரில் ஒரு நுனி போனால் அடுத்த நுனியும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். நான் முழுசாக மாற்றிவிட்டேன்.

நான் வாங்கிய தவறான ஓஸ் கதை இங்கேதான். கடையில் பழைய ஓஸைக் காட்டி "இந்தச் சைஸ்" என்றேன். பையன் அளந்து வெட்டிக் கொடுத்தான். அளவு சரி, ஆனால் அது ரேடியேட்டர் தண்ணீருக்கான ஓஸ். இரண்டு வாரத்தில் பழைய இட்லி மாதிரி உப்பி மெத்தென்று ஆகிவிட்டது, விரலால் அமுக்கினால் பள்ளம் அப்படியே நின்றது. தண்ணீர் ஓஸின் ரப்பர் வேறு. ஆயில் பட்டால் ஊறிவிடும். கடையில் "ஆயில் ஓஸ், சூடு தாங்கணும், பவர் ஸ்டீயரிங் ரிட்டர்னுக்கு" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஓஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள், ஒன்றுமே அச்சில்லாத ஓஸை வாங்காதீர்கள். உள்ளே ஆயில் ஓடுவது தெரிகிறதே என்று கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் டியூப் போடுபவர்களும் உண்டு. சூட்டில் அது இளகி வழுக்கிவிடும்.

எஞ்சின் ஆறட்டும். டப்பாவில் இருக்கும் ஆயிலை உறிஞ்சி எடுங்கள். அடியில் ஒரு பழைய தாம்பாளம் வைத்து ஓஸைக் கழற்றுங்கள். வரவில்லை என்று முறுக்கி இழுத்தால் டப்பாவின் பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்துவிடும், அப்புறம் டப்பாவுக்கும் அலைய வேண்டும். வராத ஓஸை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், குழாயில் கீறல் விழாமல். புது ஓஸை அதே நீளத்தில் வெட்டி, நுனிக்குள் அதே ஆயிலைக் கொஞ்சம் தடவிச் செருகினால் வழுக்கிக்கொண்டு போகும். கிளிப்பை ஓஸின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, குழாயின் புடைப்பைத் தாண்டி நிறுத்தி முறுக்குங்கள்.

பிரஷர் ஓஸ்: புதுசா, பழைய வண்டிச் சாமானா, அடித்துத் தருவதா?

முதல் தேர்வு கம்பெனிப் புது ஓஸ். வண்டி மாடல், வருடம், முடிந்தால் சேஸிஸ் நம்பர் சொல்லிக் கேளுங்கள். ரிட்டர்ன் ஓஸ் நூறுகளில் முடிந்தால் இது ஆயிரங்களில் போகும். ஆனால் பழைய மாடலுக்குப் பல நேரம் "சப்ளை இல்லை" என்ற பதில்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது.

உடைப்பு வண்டியிலிருந்து கழற்றிய ஓஸ் எனக்குப் பிடிப்பதில்லை. அதுவும் உங்கள் ஓஸோடு ஒரே வருடம் பிறந்தது. இரும்புக் குழாய் பகுதி வேண்டும் என்றால் வாங்கலாம், ரப்பரை நம்பி வாங்க வேண்டாம்.

மூன்றாவது வழி, ஜேசிபி, டிராக்டர், நெல் அறுவடை மிஷினுக்கு ஹைட்ராலிக் ஓஸ் அடித்துத் தரும் கடைகள். மதுரையைச் சுற்றி விவசாயமும் கல்குவாரியும் இருப்பதால் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் வழி சொல்வார்கள். உங்கள் பழைய ஓஸைக் கொடுத்தால், இரண்டு நுனி இரும்பையும் வைத்துக்கொண்டு நடுவில் புது ஓஸ் போட்டு மிஷினில் நசுக்கித் தருவார்கள். அரை மணி நேர வேலை. என் வண்டியில் இப்போது இருப்பது இதுதான். ஆனால் நான்கு விஷயம் கவனிக்க வேண்டும்.

அழுத்தத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், கம்பி வலை வைத்த ஹைட்ராலிக் ஓஸ் அதை அநாயாசமாகத் தாங்கும். கவலை சூட்டைப் பற்றித்தான். சாதாரண ஹைட்ராலிக் ஓஸ் பொதுவாக 100 டிகிரி செல்சியஸ் வரைக்கு என்று செய்யப்படுவது. மேனிஃபோல்டு ஓரமாக ஓடும் ஓஸுக்கு, அதுவும் நம் ஊர் மே மாதத்தில், அது போதாமல் போகலாம். அதிகச் சூடு தாங்கும் ரகம் கேளுங்கள், மேலே சூடு தடுக்கும் உறையும் போடுங்கள்.

அப்புறம் கோணம். இரண்டு நுனியும் வளைந்த குழாய்களாக இருந்தால் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பது முக்கியம். மாற்றி நசுக்கிவிட்டால் ஓஸ் முறுக்கிக்கொண்டே உட்காரும், சீக்கிரம் போய்விடும். என் மெக்கானிக் அண்ணன் கழற்றுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்தார். பெயிண்ட் பேனாவால் இந்த நுனி இரும்பிலிருந்து ரப்பர் வழியாக அந்த நுனி இரும்பு வரை ஒரே நேர்கோடு இழுத்தார். "இந்தக் கோடு நேரா வந்தா போதும்னு கடையில சொல்லுங்க தம்பி." கடைக்காரர் கோட்டைப் பார்த்ததும் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நீளமும் பழையதே இருக்க வேண்டும். எஞ்சின் ஆடும்போது ஓஸ் இழுபடக் கூடாது, எதிலும் உரசக் கூடாது. பழைய ஓஸைப் பிடித்திருந்த கிளாம்புகளை "இது எதுக்கு" என்று தூக்கிப் போடாமல் திரும்ப மாட்டுங்கள்.

கடைசியாக, சத்தம். கம்பெனி ஓஸை வேண்டுமென்றே கொஞ்சம் விரிந்து சுருங்குகிற மாதிரி செய்திருப்பார்கள். பம்ப் அனுப்பும் துடிப்பை அது விழுங்கிக்கொள்ளும். சில ஓஸுக்குள் அதற்காகவே ஒரு சின்னக் குழாய் கூட இருக்கும். ஜேசிபி ஓஸ் விறைப்பானது, துடிப்பை அப்படியே கடத்தும். ஆகவே ஒடிக்கும்போது முன்பு இல்லாத ஒரு ரீங்காரம் கேட்கலாம். எனக்கு இப்போதும் கேட்கிறது. பழகிவிட்டது.

மாட்டும்போது, இணைப்பில் கசியாமல் இருக்கப் போட்டிருந்த பழைய காப்பர் வாஷர், ஓ-ரிங் எதையும் திரும்பப் போடாதீர்கள். புது ஓஸ் போட்ட அன்றே ஒழுகுகிறது என்று வருபவர்களில் பலர் இந்தச் சில ரூபாயை மிச்சம் பிடித்தவர்கள்தான்.

மாற்றிய பிறகு காற்று எடுப்பது எப்படி?

முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்துத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டப்பாவை நிரப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலேயே ஸ்டீயரிங்கைக் கோடியிலிருந்து கோடிக்கு மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை ஒடியுங்கள். டப்பாவில் குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மட்டம் இறங்குவது நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் மறுபடி ஒடியுங்கள், கோடியில் பிடித்து நிறுத்தாமல். நுரை தெரிந்தால் அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நுரை அடங்கியதும் திரும்பச் செய்யலாம். அவசரப்பட்டு ரேஸ் கொடுத்தால் காற்று ஆயிலோடு கலந்து இன்னும் நேரம் எடுக்கும்.

பாட்டிலில் விற்கும் லீக் ஸ்டாப் மருந்து வேலை செய்யுமா?

அது ரப்பர் சீலை இளக்கி உப்பவைக்கிற மருந்து. காய்ந்து சுருங்கிய சீலில் லேசான கசிவு என்றால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். ஓஸ் வெடிப்புக்கும் கிரிம்ப் ஒழுக்குக்கும் ஒன்றும் செய்யாது.

மெக்கானிக் ரேக்தான் என்று உறுதியாகச் சொல்கிறார். எப்படி நம்புவது?

ரேக்கின் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அதன் கிளிப்பைத் தளர்த்தி உறையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அவர் சொல்வது சரி, ரேக் சீல் போய்விட்டது. உள்ளே காய்ந்து, வெளியே மட்டும் நனைந்திருந்தால் மேலே இருந்து வருகிறது. கோபப்படாமல் காட்டும் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்.

எலி கடித்திருக்குமா?

கடிக்கும். வயல் ஓரம், நெல் மூட்டை அடுக்கிய வீடு, குப்பைத் தொட்டிப் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் ரிட்டர்ன் ஓஸையும் வயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல் தடம் ஜோடி ஜோடியாக இருக்கும், வெடிப்பு மாதிரி இருக்காது. ஓஸ் மாற்றிவிட்டு எலியை விட்டுவைத்தால் அடுத்த மாதமும் அதே வேலைதான்.

பதினைந்து வருடம் முடிந்த வண்டி. ஆர்.சி புதுப்பிக்கும்போது இது பிரச்சினையா?

சொந்த காருக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மதுரைப் பதிவு எண்ணான டிஎன் 58, 59, 64 எதுவானாலும் ஸ்டீயரிங் ஒழுங்காக இருப்பது அடிப்படை. முதல் நாள் கழுவித் துடைத்து ஒழுக்கை மறைத்துக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வண்டியில் போகப்போவது உங்கள் குடும்பம்தானே என்று கேட்டேன், பேசாமல் போய்விட்டார்.

மறுபடி சீக்கிரம் போகாமல் இருக்க?

ஸ்டீயரிங்கைக் கோடி வரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடிக்கும் பழக்கத்தை விடுங்கள். மதுரையில் ஆவணி மூல வீதி, மாசி வீதிச் சந்துகளில் வண்டி எடுப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். கோடியைத் தொட்டதும் ஒரு நூலளவு தளர்த்திவிட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கும். நின்ற இடத்திலேயே ஒடிக்காமல் வண்டி லேசாக உருளும்போது ஒடித்தால் ஓஸ், டயர் இரண்டுக்கும் நல்லது.

கழற்றிய பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலும் கண்மாயிலும் ஊற்றாதீர்கள். பாட்டிலில் அடைத்து, பழைய எஞ்சின் ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வாசல் சிமெண்டில் விழுந்த கறை போகுமா?

உடனே கவனித்தால் போகும். ஈரமாக இருக்கும்போதே அடுப்புச் சாம்பலோ மரத்தூளோ கொட்டி ராத்திரி முழுக்க விட்டு, கூட்டி எடுத்துவிட்டு சோப்புத் தூளும் வெந்நீரும் போட்டு நார் பிரஷால் தேய்க்க வேண்டும். நான் இரண்டு மாதம் விட்டுவிட்டேன், சிமெண்ட் குடித்துவிட்டது. அம்மா அந்த இடத்தின் மேல் நிஜக் காவியையே கரைத்துப் பட்டையாக இழுத்துவிட்டார்.